ஆற்றங்கரைக்கு வந்த சொற்கள்: ஒகேனக்கல்லில் இணையமும் கணினியும் பணமும்

ஒகேனக்கல் என்ற பெயரே எல்லை தாண்டி வந்த சொல்தான். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. ‘கல்’ இரு மொழிக்கும் பொது. காவிரி பாறையிடுக்கில் விழுந்து எழுப்பும் திவலை, தொலைவிலிருந்து பார்க்கப் புகை போலத் தெரிவதால் வந்த பெயர் அது. தமிழ் நாவுக்கு வந்ததும் ஹகரம் உதிர்ந்து ஒகரம் முன்னால் நின்றது. இன்று பென்னாகரத்திலோ தருமபுரியிலோ யாரும் அதைப் பிறமொழிச் சொல்லாக நினைப்பதில்லை. பக்கத்து நிலத்துச் சொல்லைத் திசைச்சொல் என்று ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டது தொல்காப்பியம். வடசொல்லிலும் அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்ள இடம் தந்தது.

பழைய இலக்கணம் கண்ட அந்த நிலைமை இப்போது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. பரிசல் துறையிலும் மீன் வறுக்கும் கடைகளிலும் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடமும் ஸ்கேனர், டவர், சர்வர், நெட், ஓடிபி என்ற சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. பள்ளிப் பாடநூலில் வேறு சொற்கள்: கணினி, இணையம், வழங்கி, கடவுச்சொல். இந்த இரண்டு வரிசைகளும் எப்படி உருவாயின, எவை வேரூன்றின, யாருக்கு எந்தச் சொல் இன்னும் விளங்காமல் இருக்கிறது என்பது கலைச்சொல் ஆர்வலர்களின் தனிக் கவலை அன்று. ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் பொத்தானை அழுத்தினால் அன்றைய உழைப்பின் கூலி போய்விடும் காலம் இது.

கலைச்சொல் முயற்சிக்கு இந்த வட்டாரத்தோடு பழைய உறவு உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்குச் சொற்கள் தேடப்பட்டன. அப்போது ஒகேனக்கல்லும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். அந்தச் சங்கம் எதிர்கொண்ட கேள்விகள் இன்றும் மாறவில்லை: பொருளைப் பெயர்ப்பதா, ஒலியை ஏற்பதா, அறிஞருக்கு எழுதுவதா, மாணவனுக்கு எழுதுவதா.

கணினி வந்தபோது முதலில் பெயருக்கே போட்டி. கணிப்பொறி, கணிப்பான், கணினி எல்லாம் சில காலம் உடன் நடந்தன. குறுகிய கணினி தமிழ்நாட்டில் வென்றது. இலங்கையில் கணனி என்ற எழுத்துக்கூட்டல் பரவலானது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘தகவல் தொடர்பு’ என்பதை இலங்கை ‘தகவல் தொடர்பாடல்’ என்கிறது. மணவை முஸ்தபா கணினித் துறைக்கென்றே கலைச்சொல் அகராதி தொகுத்து, சிதறிக் கிடந்த ஆக்கங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தார். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராகப் போற்றப்படுபவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அங்கு 1995இல் தமிழ்க் கவிதைகளை வலையேற்றிய பணியிலும் அவருக்கு முக்கியப் பங்குண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறக்கப்பட்டது. ஆகவே இணையம் இந்தியத் தமிழரின் வீடுகளில் பரவுவதற்கு முன்பே அதற்கான சொல் கடல் கடந்து தயாராகிக்கொண்டிருந்தது. இப்படி முந்திக்கொண்ட சொற்கள் குறைவு. அதனால்தானோ என்னவோ, இணையம் மிக உறுதியாக நிலைத்தது.

சொல் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தட்டச்சிட வேண்டும். ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு வைத்திருந்த காலத்தில், ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாக விரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு ஒரு பொது விசைப்பலகையைத் தந்தது. உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். உலகப் பொதுக் குறியீடான ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழ்நாடு அரசு அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடையில் 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் கைபேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது. இணைய முகவரியின் கடைசிப் பகுதியில்கூட இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே எழுத முடியும்.

அடிப்படைச் சொற்களான பிட், பைட் இரண்டையும் ஊர்ப்பெயரை வைத்தே விளக்கலாம். பிட் என்பது ஒன்று அல்லது சுழியம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ‘ஒகேனக்கல்’ என்பதில் தமிழ்க் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. ஒருங்குறிக்கோ அது ஒன்பது: ஒ, க, ஏகாரக் குறி, ன, க, புள்ளி, க, ல, புள்ளி. இணையத்தில் வழக்கமான முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் மொத்தம் 27 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் பத்து பைட்டில் முடிந்துவிடும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் கொள்ளும் இடத்தில் தமிழுக்கு 70 மட்டுமே கிடைப்பதும் இந்த வகைக் காரணத்தால்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு வேண்டும் என்று டேஸ்16 என்ற முறையை முன்வைத்தவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் உலகமெங்கும் திறந்து படிக்கக்கூடிய பொதுத்தன்மையின் முன் அந்தச் சிக்கனம் நிற்கவில்லை.

பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாடு பாடப்புத்தகச் சங்கதி மட்டும் அன்று. நிறுவனங்கள் வேகத்தை விற்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று. கோப்பின் எடை சொல்லப்படுவது மெகாபைட்டில். வாடிக்கையாளர் இரண்டையும் ‘எம்பி’ என்கிறார். எட்டு மெகாபிட் வேகத்தில் நொடிக்கு ஒரு மெகாபைட்தான் இறங்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால், வாங்கியதில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது என்று அவர் ஏமாற்றம் கொள்கிறார்.

கருவிகளின் பெயர்கள் எளிதாகக் கடந்து போகக்கூடியவை. விசைப்பலகை, சுட்டி, திரை, நினைவகம், அச்சுப்பொறி எல்லாம் பாடநூலில் நிலைபெற்றவை. கடையில் கீபோர்டு, மவுஸ் என்றே கேட்பார்கள். இரண்டு வழக்குக்கும் இடையில் யாருக்கும் இடர் இல்லை. மடிக்கணினி மட்டும் தனிக் கவனத்துக்கு உரியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அந்தச் சொல்லைப் பெட்டியில் அச்சடித்தே வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அகராதியால் முடியாததை ஓர் அரசாணை செய்தது. கையில் பொருள் வந்து சேரும் நாளில் சொல்லும் கூடவே வந்தால் அது தங்கிவிடுகிறது.

இதற்கு இன்னும் வலுவான சான்று நியாயவிலைக் கடையில் கிடைக்கிறது. உடற்கூறு அடையாளச் சரிபார்ப்பு என்பது எந்தக் குழுவும் பரப்ப முடியாத அளவுக்குக் கனமான தொடர். ஆனால் மின்னணு எந்திரம் வந்ததும் மக்கள் ‘கைரேகை வைப்பது’ என்றார்கள். எந்திரம் ஏற்காவிட்டால் ‘ரேகை விழவில்லை’ என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதத் தெரியாதவரின் அடையாளமாக இருந்த கைநாட்டு, படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் பொதுவான செயலாக மாற, பழைய சொல்வளமே புதிய தொழில்நுட்பத்தைத் தாங்கிக்கொண்டது. பரிசல் கயிறும் துடுப்பும் பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கியிருப்பது இயல்பு. அப்படிப்பட்டவருக்கு ‘ரேகை விழவில்லை’ என்ற இரண்டு சொல் எந்த விளக்கக் குறிப்பையும்விடத் தெளிவாக நிலைமையைச் சொல்கிறது.

வலைப்பின்னல் பற்றிய சொற்களில் பேச்சுவழக்கு வேறு பாதையில் போயிருக்கிறது. பென்னாகரத்திலிருந்து காட்டு வழியாக இறங்கும் மலைப்பாதையில் அலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வரும். அதை ‘டவர் இல்லை’ என்கிறார்கள். கோபுரத்தின் பெயர் அலைக்கு ஆகிவந்திருக்கிறது. இலக்கணம் இதை ஆகுபெயர் என்னும். ‘நெட் தீர்ந்துவிட்டது’ என்பதில் இணையம் குடத்து நீர் போல அளவுள்ள பொருளாகிறது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து விற்கப்படும் தரவைத்தான் மக்கள் கண்டார்கள். ஆகவே அந்தச் சொல்லாட்சி பிழையன்று.

இணையம், வலை இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் பிழை. நாளிதழ்களே ‘இணையதளத்தில் பரவியது’ என்று வாட்ஸ்அப்பில் பரவியதையும் எழுதுகின்றன. இணையம் என்பது ஆறு. உலகக் கணினிகளை இணைக்கும் பொது வழி. அதன் தொடக்கம் 1969இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த ஆர்ப்பாநெட். வலை என்பது அந்த ஆற்றில் செல்லும் பரிசல்களில் ஒன்று. 1989இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்தில் பிறந்தது அது. மின்னஞ்சலும் பணப் பரிமாற்றச் செயலியும் அதே ஆற்றில் ஓடும் வேறு பரிசல்கள். ‘ஜிபே வேலை செய்யவில்லை’ என்பதும் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்பதும் வேறு வேறு கோளாறு என்று இந்தப் பிரிவினை தெரிந்தவருக்கு உடனே புரியும்.

செய்தி எப்படிப் பயணிக்கிறது என்பதற்கும் ஒகேனக்கல்லின் நிலவமைப்பு கைகொடுக்கும். இங்கே காவிரி பாறைகளுக்கிடையில் பல கிளையாகப் பிரிந்து விழுந்து, கீழே மீண்டும் ஒன்றாகி மேட்டூர் நோக்கிப் போகிறது. இணையத்தில் அனுப்பும் படமும் துண்டுதுண்டாகப் பிரிந்து வெவ்வேறு வழியில் சென்று சேருமிடத்தில் ஒன்றாகிறது. அந்தத் துண்டுக்குத் தமிழில் அமைந்த பெயர் பொட்டலம். மளிகைக்கடைச் சொல்; உள்ளே சரக்கு, மேலே முகவரி என்ற கருத்தை அப்படியே ஏந்துகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வழி காட்டும் கருவி திசைவி. ஆற்றோடு உவமை இங்கே நின்றுவிடும்: நீருக்கு வரிசை எண் கிடையாது, பொட்டலத்துக்கு உண்டு. நடுவில் ஒன்று தொலைந்தால் எது தொலைந்தது என்று தெரிந்து, அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்க முடிவது அந்த எண்ணால்தான்.

சர்வர் என்ற சொல் தமிழருக்குக் கணினிக்கு முன்பே அறிமுகம். உணவகத்தில் பரிமாறுபவர் சர்வர்; 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்துக்குப் பிறகு அந்தச் சொல் தெரியாத வீடு இல்லை. கணினி உலகிலும் பொருள் அதேதான். கேட்பவர் மேசையில் இருக்கிறார். கேட்டதைக் கொண்டுவருவது சர்வரின் வேலை. சரக்கு இருப்பது சமையலறையில். மெஸ்ஸில் கூட்டம் மிகுந்தால் மீன் குழம்பு வரத் தாமதமாவது போல, ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் கேட்டால் கணினிச் சர்வரும் திணறும். இ-சேவை மையத்தில் ‘சர்வர் பிஸி’ என்று சொல்லக் கேட்டுத் திரும்பும் முதியவருக்கு இந்த ஒப்புமையைச் சொன்னால் தடங்கல் எங்கே என்று விளங்கும். பாடநூல் தந்த ‘வழங்கி’ நல்ல சொல். என்றாலும் மக்கள் நாவில் ஏற்கெனவே பொருளோடு வாழும் சர்வரை அப்புறப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

தரவு, தகவல் என்ற இணையில் குழப்பம் மிகுதி. இந்த ஊரைவிட நல்ல விளக்கம் அதற்கு எங்கும் கிடைக்காது. ஒகேனக்கல்லுக்கு மேலே, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் பிலிகுண்டுலு இருக்கிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் ஆற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கிறது. நொடிக்கு இத்தனை கனஅடி என்று வரும் எண் தரவு. ஒரு கனஅடி ஏறத்தாழ 28 லிட்டர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விடவேண்டிய நீர் 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தது; அதை அளக்கும் இடமும் பிலிகுண்டுலுதான். ஆக அந்த எண்களை வைத்து இரு மாநிலங்கள் வழக்காடுகின்றன. டெல்டா விவசாயி நாற்று விடும் நாளைக் கணிக்கிறார்.

அதே எண் தருமபுரி மாவட்ட நிர்வாகத்தின் மேசைக்கு வரும்போது தகவல் ஆகிறது: நீர்வரத்து உயர்கிறது, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. குறித்த அளவைத் தாண்டினால் தடை, இறங்கினால் அனுமதி என்ற நிபந்தனை விதிக்குக் கணினியியலில் படிமுறை என்று பெயர். அதைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதினால் நிரல். அளவைக் கருவி தருவது உள்ளீடு. தடை அறிவிப்பு வெளியீடு. பரிசல் ஓட்டிகள் இந்தச் சொற்களைப் பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. பிலிகுண்டுலு எண்ணைக் கேட்டதும் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் அவர்கள், தரவிலிருந்து தகவல் பெறும் கலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறவர்கள்.

வணிகச் சொற்களுக்கு வந்தால், தமிழ் ஏழை மொழி என்ற எண்ணம் முதலில் கலைய வேண்டும். கணக்கு, வரவு, பற்று, இருப்பு, தரகு, முன்பணம், ரொக்கம் எல்லாம் பேரேட்டுக் காலத்திலிருந்து வணிகர் கையாண்ட சொற்கள். கிரெடிட் என்பது வரவு, டெபிட் என்பது பற்று. வங்கிப் புத்தகத்தில் இந்தச் சொற்கள் அச்சாகியிருந்தும், கைபேசிக்கு வரும் வங்கிச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பணம் வந்ததா போனதா என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும் மனிதருக்கு, அறிந்த சொல் இருக்கையில் அறியாத சொல்லை அனுப்புவது பெருங்குறை.

கரையோர வணிகத்தை மாற்றியது யுபிஐ. என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய இந்த முறை, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு உடனடியாகப் பணம் மாற்றுகிறது. கடையில் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட சதுரம் க்யூஆர் குறியீடு. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிட உருவாக்கியது அது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள் கேமராவுக்குத் திசை காட்டுகின்றன. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் படிக்க முடிவது அவற்றால்தான். தமிழ்நாட்டில் பலரும் அந்த அட்டையையே ‘ஸ்கேனர்’ என்கிறார்கள். உண்மையில் ஸ்கேனர் என்பது படிக்கும் கருவி, அதாவது கைபேசி. ஆனாலும் ‘ஸ்கேனர் இருக்கிறதா’ என்று கேட்டால் கடைக்காரர் தவறாமல் அட்டையைத்தான் நீட்டுகிறார். பொருள் பிறழ்ந்தும் வேலை பிறழாத சொல்லைத் திருத்த முயல்வது வீண். ‘ஜிபே பண்ணு’ என்று ஒரு செயலியின் பெயர் வினையாக மாறியதும் ஜெராக்ஸ் போன வழிதான்.

இதற்கு நேர்மாறாக, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்ற வணிகப் பெயர்களையே முகநூல், புலனம், படவரி என்று தமிழாக்கும் முயற்சி ஒன்று நடக்கிறது. பெயர் என்பது அடையாளம். அதைப் பெயர்க்கும் உழைப்பு, பெயர்க்க வேண்டிய வேறு சொற்களுக்குப் போயிருக்க வேண்டியது. முகநூல் ஓரளவு பழகிவிட்டது. மற்றவை மேடையிலும் மடலிலும் மட்டும் வாழ்கின்றன.

தங்கும் விடுதி நடத்துபவருக்கு இன்னும் சில சொற்கள் அன்றாடம் தேவை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு முதல் சிறு விடுதிகள் வரை அறைகள் இணையவழியே முன்பதிவாகின்றன. பல விடுதிகளை ஒரே இடத்தில் காட்டித் தரகு எடுக்கும் நிறுவனம் திரட்டி. விருந்தினர் இடும் நட்சத்திரம் மதிப்பீடு. புகைப்படமும் கணக்கும் தன் கருவியில் இல்லாமல் வேறொருவரின் தரவு மையத்தில் இருப்பது கிளவுட், தமிழில் மேகக்கணிமை. மேகம் என்ற உருவகம் ஆங்கிலத்தில் வந்ததே பொறியாளர்கள் வலைப்பின்னலைப் படம் வரையும்போது உட்கூறுகளை மறைக்க மேக வடிவம் போட்டதால். தமிழிலும் அது உண்மையை மறைக்கத்தான் செய்கிறது. சந்தா நின்றால் கோப்பும் நின்றுபோகலாம் என்பதால், ‘வாடகைச் சேமிப்பு’ என்று விளக்கினால் வணிகருக்கு விரைவில் பிடிபடும்.

உண்மையான இடர் இருக்கும் இடத்தில்தான் தமிழ்ச் சொற்கள் மிகவும் மெலிந்திருக்கின்றன. பின் எண், ஓடிபி, கேஒய்சி, ரிக்வெஸ்ட், அலோ: இந்தச் சொற்கள்தான் பணப்பெட்டியின் சாவி. பின் எண் கணக்கிலிருந்து பணத்தை வெளியே அனுப்பவோ இருப்பைப் பார்க்கவோதான் கேட்கப்படும். உள்ளே வரும் பணத்துக்கு அது ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு விதி தெரியாததை வைத்து நடந்த மோசடிகள் ஏராளம். ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பினார்கள். ரிக்வெஸ்ட் என்பதற்குப் பதிலாக ‘இவர் உங்களிடம் பணம் கேட்கிறார்’ என்று திரையில் தமிழில் இருந்திருந்தால் பலர் கை அங்கேயே நின்றிருக்கும். தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி என்பிசிஐ அறிவுறுத்தியது.

ஓடிபிக்கு ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்ற பெயர்ப்பு இருக்கிறது. அது நீளம், சொல் அன்று எண் என்பதால் சற்றுப் பொருந்தாமலும் இருக்கிறது. வங்கி எந்திரத் திரைகளில் பழகிய ‘ரகசிய எண்’ என்ற தொடரோடு சேர்த்து ‘ஒருமுறை ரகசிய எண்’ என்றால், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கை பெயருக்குள்ளேயே இருக்கும். கேஒய்சி என்பது வாடிக்கையாளரை வங்கி அடையாளம் காணும் ஆவணச் சரிபார்ப்பு. ‘கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இணைப்பைத் தொடுங்கள்’ என்று வரும் செய்தி அந்த மூன்றெழுத்தின் மர்மத்தையே ஆயுதமாக்குகிறது.

பிஷிங் என்ற ஏமாற்றுக்குத் தூண்டில் என்ற சொல் தமிழில் தயாராகக் காத்திருக்கிறது. இரை, முள், இழுப்பு மூன்றும் அதில் அடக்கம். வலையும் தூண்டிலும் போட்டு வாழ்வோர் உள்ள கரையில் அதற்கு விளக்கவுரை வேண்டாம். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்று பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு படமன்று, நிறுவிக்கொள்ளும் செயலி. அதற்கு ‘அலோ’ கொடுத்தால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையே அதன் கைக்குப் போய்விடும். ஓடிபியை யாரிடமும் சொல்லாமலே அது களவாடப்படும். இத்தகைய நிரலுக்குத் தீநிரல் என்று பெயர். ‘டிஜிட்டல் கைது’ என்று காணொளி அழைப்பில் மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை.

பணம் போனது தெரிந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். திருடப்பட்ட தொகை ஒரு கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாய்வதற்குள் இடையில் நிறுத்திவைக்க அந்த அழைப்பு உதவுகிறது. அழைப்பவர் சொல்ல வேண்டியவை சில: பணம் போன நேரம், தொகை, வங்கிச் செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண். டவர் கிடைக்காத இடத்தில் இருந்தால், கிடைக்கும் மேட்டுக்கு ஏறியாவது அன்றே பேசிவிட வேண்டும்.